நீல மாத்திரையைத் தள்ளுபடி செய்த ஊர்க்கூட்டம்

மார்ச் மாத முதல் செவ்வாய்க்கிழமை, பொழுது புலரும் நேரத்தில், ஆர்டித் லெக்லேர் ஊர் மண்டபத்தின் வாசலைப் பனியிலிருந்து தோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். வெர்மாண்ட் மலையில் இருக்கும் எங்கள் பிக்கெட் ஊருக்குப் பனி தள்ளும் லாரி ஒன்றுதான். அதை ஓட்டுகிற ஆளும் அவள் ஒருத்திதான். ஊர் வேலையாட்களில் இன்னும் சிலருக்கு அந்த லாரி ஓட்டத் தெரியும் என்று சொல்லிக்கொள்வார்கள். ஆனால் பழைய ஆலைச் சரிவில் அதை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தவள் ஆர்டித் மட்டும்தான். மற்றவர்களை வசந்தம் வந்த பிறகு போய்க் கூட்டி வந்தோம்.

அந்த வருடத்துப் பனியைப் பற்றி நான் கூட்டிச் சொல்லப் போவதில்லை. உள்ளதைச் சொல்கிறேன். தபால்காரர் கடிதங்களைப் புகைபோக்கி வழியாகத்தான் போட்டார். பாதிக் கடிதங்கள் அடுப்பில் விழுந்து எரிந்துபோனதால், பிப்ரவரியில் யாரும் மின்கட்டணம் கட்டவில்லை. அவ்வளவுதான்.

வாசல் திறந்ததும் ஆர்டித் லாரியிலேயே உட்கார்ந்து, கூட்டத்தில் சொல்ல வேண்டியதை முணுமுணுத்துப் பார்த்தாள். அன்றைய ஊர்க்கூட்டத்தின் ஏழாவது தீர்மானம் அவளுடையது. ஊர் வேலையாட்களின் மருத்துவக் காப்பீட்டில் கருத்தடை மாத்திரையையும் சேர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி அதைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தாள்.

காரணம் இருந்தது. மூன்றாவது குழந்தை பிறந்தபோது அவளுக்கு இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்துவிட்டது. அன்றும் பெரும்பனி. ஆம்புலன்ஸுக்கு முன்னால் பாதையைத் திறந்துகொண்டு போக ஆள் இல்லை. ஏனென்றால் அந்த ஆள்தான் ஆம்புலன்ஸுக்குள் படுத்திருந்தாள். எப்படியோ பிழைத்தாள். "இன்னொரு பிள்ளைன்னா பிள்ளை வேணா பிழைக்கலாம், நீ பிழைக்கறது சந்தேகம்" என்று டாக்டர் சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஊர் கொடுத்த காப்பீடு அந்த மாத்திரைக்குப் பணம் தராது. கணவன் நார்மண்ட் வேலை செய்த மரமில்லில் காப்பீடே கிடையாது. போன இலையுதிர் காலத்தில் மில்லை மூடியபோது, விறகா மாத்திரையா என்ற கேள்வி வந்தது. பிள்ளைகள் குளிரில் நடுங்கியதால், ஆர்டித்தும் நார்மண்டும் விறகையே வாங்கினார்கள். மாத்திரை இல்லாத அந்த நாட்களில் நார்மண்ட் சமையலறை நாற்காலியில் தூங்கினான். ஆர்டித் சரிவின் நடுவில் லாரியை நிறுத்தி விரல்விட்டு நாளெண்ணுவாள். எண்ணி முடித்த பிறகும் மறுபடி எண்ணுவாள்.

கூட்டம் தொடங்கியது. ஊரே வந்திருந்தது. ஆண்கள் கம்பளித் தொப்பியோடு பின்பெஞ்சுகளில், பெண்கள் பின்னல் ஊசிகளோடு முன்பெஞ்சுகளில். கூட்டத் தலைவர் யூனிஸ் பெக். ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் கையிலிருந்த மரச் சுத்தியல் மேசையில் பட்டால், பக்கத்துப் பண்ணையில் பசுக்கள் பால் சுரப்பதை நிறுத்திக்கொண்டு அடுத்த உத்தரவுக்குக் காத்திருக்கும்.

முதல் ஆறு தீர்மானங்கள் மளமளவென்று முடிந்தன. பாலத்துக்குப் பெயிண்ட் அடிக்கலாம் என்றார்கள், நூலகத்துக்கு ஒரு ஏணி வாங்கலாம் என்றார்கள். ஏழாவது வந்ததும் ஆர்டித் எழுந்தாள்.

"தலைவரம்மா, எனக்கு நீட்டி முழக்கத் தெரியாது. டாக்டர் எழுதிக் குடுத்த மருந்து. வேற எல்லா மருந்துக்கும் இன்சூரன்ஸ் குடுக்குது. இதுக்கு மட்டும் குடுக்கல. குடுக்கணும்னு கேக்கறேன்."

ஊர்ச்சபை உறுப்பினர் மெரில் ஸ்டாடர்ட் எழுந்தார். பால்பண்ணைக்காரர், நேர்மையானவர். சபை உறுப்பினர் என்பதால் அவருக்கும் அதே ஊர்க் காப்பீடுதான். ஊர்ப் பணத்தைத் தன் பல்லைப் போலக் காப்பவர். பல்லில் சில போய்விட்டன, ஊர்ப் பணம் ஒன்றும் போகவில்லை.

"ஆர்டித், உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. உன்ன மாதிரி லாரி ஓட்ட இந்த ஜில்லாவுலயே ஆள் இல்ல. ஆனா யோசிச்சுப் பாரு. நோய் வந்தா மருந்து. நல்லா இருக்கற உடம்புக்கு எதுக்கும்மா மருந்து?"

"நல்லா இருக்கற உடம்பு நல்லாவே இருக்கறதுக்குங்க, மெரில்."

"அது உன் வீட்டு விஷயமாச்சே!"

பின்பெஞ்சிலிருந்து குப்பைக்கிடங்கு காவலாளி க்ளைட் கத்தினான். "நார்மண்ட மாட்டுக்கொட்டகையில படுக்கச் சொல்லு! அதைவிட நல்ல மருந்து ஏது?"

மண்டபம் குலுங்கியது. நார்மண்ட் தன் தொப்பியைக் கழற்றி, அதற்குள் ஏதோ விழுந்துவிட்டதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு பெத்தாச்சு, போதும்னா போதும்தானே?" என்றது இன்னொரு குரல். "எங்கம்மா ஒன்பது பெத்தா, அவ மாத்திரையா கேட்டா?" என்றது மற்றொன்று.

"உங்கம்மா கேக்கல, ஏன்னா பத்தாவதுல செத்துட்டா, ராய்" என்றார் யூனிஸ், தலைவர் கருத்துச் சொல்லக் கூடாது என்ற விதியை ஒரு கணம் மறந்து. பிறகு சுத்தியலால் தன்னைத்தானே அதட்டிக்கொண்டார்.

கேள்வி மேல் கேள்வியாக வந்தது. ஆர்டித் சொல்ல விரும்பாததை எல்லாம் சொல்ல வேண்டியதாயிற்று. வலிப்பு வந்ததைச் சொன்னாள். கட்டில் நனைந்ததைச் சொன்னாள். தன் மகளுடைய பள்ளிக்கூட வாத்தியார் கேட்டுக்கொண்டிருக்க, மளிகைக் கடைக்காரர் கேட்டுக்கொண்டிருக்க, கடைசியாக எப்போது மாத்திரை நின்றது, அப்புறம் வீட்டில் என்ன நடந்தது என்பதுவரை சொன்னாள். அவள் குரல் எங்கேயும் உடையவில்லை. ஆனால் பிடித்திருந்த முன்பெஞ்சின் முதுகுப்பலகை உடைந்துவிட்டது. முன்பெஞ்சில் ஊசிகள் பறந்தன. அன்று பின்னிய ஒரு ஸ்வெட்டருக்கு மூன்றாவது கை முளைத்ததைப் பின்னியவளே வீட்டுக்குப் போய்த்தான் பார்த்தாள்.

அப்போது மண்டபத்தின் அடியிலிருந்து அவரைக்காயும் பன்றித் தொடைக்கறியும் வேகும் வாசனை ஏறி வந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி மதியச் சாப்பாடு பெண்கள் பொறுப்பு. நேரமாகிவிட்டது என்று மெரிலின் மனைவி பெர்னிஸ் எழுந்தாள். அவளோடு பாதிப் பெண்கள் பின்னலைச் சுருட்டிக்கொண்டு கீழே சமையலறைக்குப் போனார்கள். ஆண்டாண்டாக அப்படித்தான். சாப்பாட்டுக்கு முந்தைய கடைசி ஓட்டெடுப்பு எப்போதும் ஆண்கள் நினைத்தபடியே முடியும், காரணம் என்ன என்று யாரும் ஆராய்ந்ததில்லை. சாப்பாடு நன்றாக இருக்கும்.

மெரில் மறுபடி எழுந்தார்.

"தலைவரம்மா, ஒரு திருத்தம் கொண்டுவரேன். சுருக்கமா எழுதிக்குங்க. 'படுக்கையறை விவகாரத்துக்கான எந்த மருந்துக்கும் ஊர் பணம் தராது.' அவ்வளவுதான். இந்தப் பேச்சு இனி அடுத்த வருஷமும் வரக் கூடாது, அதுக்கடுத்த வருஷமும் வரக் கூடாது."

"எந்த மருந்துக்குமா?" என்று யூனிஸ் கேட்டார்.

"எந்த மருந்துக்கும்!"

ஆம் என்பவர்கள் குரல் கொடுத்தார்கள். பெரும் முழக்கம். இல்லை என்றவர்கள் ஆர்டித், நார்மண்ட், பின்னலை விடாமல் உட்கார்ந்திருந்த சில பெண்கள். திருத்தம் நிறைவேறியது. தீர்மானத்தின் மேல் இறுதி ஓட்டு சாப்பாட்டுக்குப் பிறகு என்று சொல்லி, யூனிஸ் சுத்தியலைத் தட்டினார். ஆர்டித் யாரையும் பார்க்காமல் கோட்டை எடுத்து மாட்டினாள்.

"எங்க போறே?" என்றான் நார்மண்ட்.

"லாரி சாவிய கதவோர ஆணியில மாட்டிட்டு வரேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் காகித மில்லுல பாரம் தூக்க ஆள் எடுக்கறாங்களாம். அவங்க இன்சூரன்ஸ் இதுக்குக் குடுக்குது."

"அங்க வீடு?"

"வீடு கெடைக்கும். நான் இருந்தாத்தானே வீடு?"

கீழே பந்தியில் நின்ற யூனிஸ், மேலே நடந்ததைப் பெர்னிஸிடம் ஒப்பித்தார். கரண்டியும் கையுமாக நின்ற பெர்னிஸ் அவர் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், எந்த மருந்துக்கும்னா?"

"முப்பது வருஷம் மொழி சொல்லிக்குடுத்திருக்கேன், பெர்னிஸ். எந்தன்னா எந்ததான்."

பெர்னிஸ் சிரிக்கவில்லை. ஆனால் அவள் பக்கத்தில் நின்றவள் சிரித்தாள், அதற்கடுத்தவள் சிரித்தாள். சமையலறையில் மூடிபோட்ட பாத்திரங்கள் எல்லாம் தானாக ஆடின. மெரில் தட்டோடு வந்து நின்றார்.

"நெறையச் சாப்பிடு மெரில்" என்றாள் பெர்னிஸ். "இன்னிக்கு நீ உன்னோடதையும் சேத்துத் தள்ளுபடி பண்ணிட்டே."

"என்னோடது என்ன?"

"சட்டைப்பெட்டியில காலுறைக்கு அடியில வெச்சிருக்கியே. போன வருஷம் புதுசா வந்துச்சே, நீலமா."

மெரிலின் முகம் தொடைக்கறியின் நிறத்துக்கு வந்தது. குரலைத் தாழ்த்தினார். "ஏய், அது மருந்துடி! டாக்டர் எழுதிக் குடுத்தது!"

"ஆர்டித்துக்கு எழுதிக் குடுத்தது யாரு, கொல்லனா?"

"அது... அது வேற..."

"எப்படி வேறன்னு யோசிச்சுச் சொல்லு. நான் போட்டுக்கிட்டே இருக்கேன்." அவள் அவரைக்காயைப் போட்டுக்கொண்டே இருந்தாள். தட்டு நிரம்பி, அவர் கைமேல் வழிந்து, பூட்ஸுக்குள் இறங்கியது. மெரில் கவனிக்கவில்லை.

அவர் பொய்யர் அல்ல, அதைச் சொல்லியாக வேண்டும். திருத்தத்தை எழுதச் சொன்னபோது தன் மாத்திரை அவர் நினைவுக்கு வரவே இல்லை. தான் ஆண்மைக்கு விழுங்குவது மருந்து, அவள் கருத்தடைக்கு விழுங்குவது விவகாரம் என்று அவர் மனதில் யாரோ எப்போதோ தனித்தனி அலமாரி செய்து வைத்திருந்தார்கள். அந்த அலமாரியை அவர் அன்றுவரை திறந்து பார்த்ததே இல்லை.

செய்தி பந்தியில் தட்டுக்குத் தட்டு தாவியது. ஊர்ச் சம்பளத்தில் இருந்த ஆண்கள் ஒவ்வொருவராக மெல்லுவதை நிறுத்தினார்கள். சாலை மேஸ்திரி கையிலிருந்த முள்கரண்டி வளைந்தது. க்ளைட் தண்ணீர் கேட்டான், கொடுத்ததும் அதைத் தலையில் ஊற்றிக்கொண்டான். பிக்கெட் வரலாற்றிலேயே முதல் தடவையாக மேப்பிள் பாகு பலகாரம் மீந்தது.

மதியம் கூட்டம் கூடியபோது, பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டுப் பெண்கள் எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள். பெஞ்சு போதாமல் சுவரோரம் நின்றார்கள். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்த ஆர்டித், கதவோரம் கோட்டோடு நின்றாள். இறுதி ஓட்டு முடிந்ததும் கிளம்பிவிடலாம் என்று இருந்தாள்.

யூனிஸ் தொண்டையைச் செருமினார். "திருத்தத்த மறுபடி எடுத்துக்கணும்னு யாராவது விரும்பினா, இதுதான் நேரம். விதி எல்லாருக்கும் தெரியும். காலையில ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்டவங்கதான் கேக்க முடியும். நம்ம ஊர் வழக்கப்படி எழுந்து நின்னு காரணம் சொல்லணும்."

பின்பெஞ்சுகள் முனகின. ஒருவர் பாதி எழுந்தார், உட்கார்ந்தார். மூன்று பேர் ஒன்றாகப் பாதி எழுந்து, ஒருவரையொருவர் பார்த்து, ஒன்றாக உட்கார்ந்தார்கள். சாலை மேஸ்திரி எழுந்து ஜன்னலைத் திறந்தார். பிறகு மூடினார். பிறகு அது சரியாக மூடியிருக்கிறதா என்று திறந்து பார்த்தார்.

"க்ளைட், என்ன சொல்லணும்?" என்றார் யூனிஸ்.

"ஒன்னுமில்ல தலைவரம்மா. கால் மரத்துப்போச்சு."

"ரெண்டு காலுமா?"

"எல்லாமே, தலைவரம்மா."

சுவரோரப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கடைசியில் மெரில் எழுந்தார். முழுசாக எழுந்தார்.

"மறுபரிசீலனை வேணும்."

"காரணம்?"

"சொந்தக் காரணம்."

"காலையில இந்த மண்டபத்துல சொந்தம்னு ஒன்னையும் யாரும் விட்டுவெக்கலையே, மெரில்" என்றார் யூனிஸ்.

அது போதும் பெண்களுக்கு. அணை உடைந்தது.

"நல்லா இருக்கற உடம்புக்கு எதுக்கு மெரில் மருந்து?"

"உங்கப்பா ஒன்பது பெத்தாரே ராய், அவர் மாத்திரையா கேட்டாரு?"

"மெரில மாட்டுக்கொட்டகையில படுக்கச் சொல்லு!"

"பசுமாடுங்க சம்மதிக்கணுமே!"

சிரிப்பு மண்டபத்தின் தூண்களைப் பிடித்து ஆட்டியது. மெரிலின் காதுகள் சிவந்தன. ஜன்னலுக்கு வெளியே அந்தக் காதுகளுக்கு நேராகத் தொங்கிய பனிக்கூம்பு உருகிச் சொட்டுச் சொட்டாக விழுந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். எழுபது வயது மனிதர், ஊர் நடுவில், தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"போதும்!"

கதவோரத்திலிருந்து ஆர்டித் முன்னால் வந்தாள்.

"போதும், விடுங்க அவர. தன் உடம்புல நடக்கறத ஊருக்கு முன்னால சொல்லுன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். காலையிலதான் தெரிஞ்சுக்கிட்டேன். அது யாருக்கும் வேணாம். அவருக்கும் வேணாம். அவர் மருந்த அவருக்குக் குடுத்துடுங்க. டாக்டர் எழுதியிருக்காருன்னா அதோட முடிஞ்சுது பேச்சு."

சிரிப்பு நின்றது. யாரோ ஒருத்தியின் ஊசி கீழே விழுந்த சத்தம் கேட்டது. மெரில் ஆர்டித்தைப் பார்த்தார். அவள் கோட்டின் பொத்தான் கழுத்துவரை மாட்டியிருந்ததைப் பார்த்தார்.

"தலைவரம்மா, காரணம் சொல்றேன்" என்றார். குரல் முதலில் கரகரத்தது, பிறகு ஏறியது. "ஆமா, நான் அந்த நீல மாத்திரை சாப்பிடறேன். ஊர்ப் பணத்துலதான் சாப்பிடறேன். போன வருஷம் அது இன்சூரன்ஸ்ல வந்தப்ப, ஒரு கூட்டமும் நடக்கல, ஒருத்தரும் என்ன எழுப்பி நிறுத்திக் கேள்வி கேக்கல. தானா வந்துச்சு. இவ கேட்டப்ப மட்டும் ஏன் கூட்டம் போட்டோம்? எனக்கு அது இல்லேன்னா ஒரு சாயங்காலம் வீணாப் போகும். இவளுக்கு அது இல்லேன்னா உயிர் போகும். என்னோடத மருந்துன்னேன், இவளோடத வீட்டு விஷயம்னேன். வெக்கமா இருக்கு, ஆனா மாத்திரைய நெனச்சு இல்ல. ஆம்பளைக்கு ஒரு நியாயம் பொம்பளைக்கு ஒரு நியாயம்னு பிரிச்சு வெச்சேனே, அத நெனச்சு. என் திருத்தத்தக் கிழிச்சுப் போடுங்க. ஏழாவது தீர்மானத்த அவ எழுதினபடியே ஓட்டுக்கு விடுங்க. என் ஓட்டு ஆமா!"

"வழிமொழியறேன்!" என்று க்ளைட் துள்ளி எழுந்தான். கால் சரியாகிவிட்டிருந்தது.

திருத்தம் போனது. தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. "ஆம் என்பவர்கள்?" என்று யூனிஸ் கேட்டதுதான் தாமதம். பின்பெஞ்சும் முன்பெஞ்சும் சுவரோரமும் சேர்ந்து கொடுத்த குரலில், மாதக்கணக்காக மண்டபக் கூரையில் உட்கார்ந்திருந்த பனி மொத்தமும் பிடி விட்டுச் சறுக்கி, இடி இடிப்பதுபோல வாசலில் வந்து இறங்கியது. மண்டபம் இருண்டது. கதவு அசையவில்லை. "இல்லை என்பவர்கள்?" என்று யூனிஸ் இருட்டில் கேட்டார். இருந்திருந்தாலும் அப்போது சொல்லியிருக்க மாட்டார்கள்.

நார்மண்ட் ஆணியிலிருந்து சாவியை எடுத்து ஆர்டித்தின் கையில் வைத்தான். அவள் கீழே போய்ச் சமையலறை ஜன்னல் வழியாக வெளியே குதித்தாள். சற்று நேரத்தில் லாரி உறுமியது. பனிச்சுவர் நடுவில் பிளந்தது, வெளிச்சம் வந்தது, அதன் பின்னால் லாரியின் மஞ்சள் விளக்கு சுழன்றுகொண்டு வந்தது. உள்ளே இருந்தவர்கள் கைதட்டினார்கள், தொப்பிகளை வீசினார்கள். பெர்னிஸ் பக்கத்தில் நின்றவர்களை எல்லாம் கட்டிக்கொண்டாள், மெரில் உட்பட.

க்ளைட் முதல் ஆளாக வெளியே ஓடி, லாரியின் படியில் தொற்றிக்கொண்டு கத்தினான். "இந்த ஒரு வேலைக்கே குடுக்கலாம்யா இவளுக்கு அந்த மாத்திரைய!"

ஆர்டித் கண்ணாடியை இறக்கினாள். சிரித்துக்கொண்டிருந்தாள், கண் நனைந்திருந்தது.

"தப்பு, க்ளைட். நான் பனி தள்ளறேன்னு குடுக்காதீங்க. வீட்டுல சும்மா உக்காந்திருக்கறவளா இருந்தாலும் குடுத்துத்தான் ஆகணும். ஆம்பள உடம்புக்கு என்ன மரியாதையோ, அதே மரியாதை பொம்பள உடம்புக்கும். அது பரிசு இல்ல, கடமை. இப்ப படியிலேர்ந்து எறங்கு, சரிவுல இன்னும் வேலை கெடக்கு."